தணலில் ஒரு துண்டுக் கொழுப்பு

பாகூர் ஏரிக்கரையில் பன்றி வளர்த்தவர் அவர். பிரெஞ்சுத் துரை வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த நான் அவரிடம்தான் கறி வாங்குவேன். ஒட்டிய வயிறு. ஏதாவதொரு பன்றியின் காதைத் தடவிக்கொண்டே இருக்கும் கை. காயடித்த குட்டியொன்று மடியிலேயே ரத்தம் வடிந்து செத்ததிலிருந்து அவர் காயடிக்கும் கத்தியைத் தொடவில்லை. ஆனால் காயடிக்காத ஆண் பன்றி வளர்ந்தால் கொழுப்பு நாறும். அந்தக் கறியை யாரும் வாங்கவில்லை.

அன்றும் அப்படி ஒன்றை அறுத்து வைத்திருந்தார். வழக்கம்போல ஒரு துண்டுக் கொழுப்பைத் தணலில் போட்டுப் பார்த்தேன். மூத்திர வாடை குப்பென்று எழுந்தது.

அவர் குனிந்து முகர்ந்தார்.

"எனக்கு ஒரு வாடையும் தெரியலியேபா. நீயாவது நெசத்தச் சொல்லு. வூட்ல அரிசி இல்ல. நாறுதுன்னா மறுபடியும் காயடிக்கத்தான் வேணும்."

அவருக்குப் பின்னால் அவர் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சொல்லாதே என்று எனக்குத் தலையாட்டினாள்.

"நாறுதுண்ணே," என்றேன்.

அவர் பட்டியிலிருந்து ஆண் குட்டியொன்றைத் தூக்கி மடியில் வைத்து, பெற்ற பிள்ளையைப்போல உச்சி முகர்ந்தார். "அந்தக் கத்திய எங்க வெச்ச?" என்று மனைவியைக் கேட்டபோதும் முகத்தை எடுக்கவில்லை.

தணலின் நாற்றம் எட்டாத அந்த மூக்குக்கு அங்கே என்ன எட்டியதோ.