சோதனைச் சாவி

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் ஊரில் கணினி எழும்பாவிட்டால் மொன்ஜியாவைத்தான் கூப்பிடுவார்கள். பழைய இன்டெல் கணினிகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவை தாங்களே வட்டைத் தேடிப்பிடித்து இயங்குதளத்தை ஏற்றிக்கொள்ளும். அவள் வேலை பார்த்த தய்யிபின் கம்பெனி, ஆலிவ் தோப்புக்கு நீர் பாய்ச்சும் கருவி செய்யத் தொடங்கியதும் ஆர்ம் சில்லு பதித்த மின்சுற்றுப் பலகைகள் வந்தன. அதுகளுக்குத் தங்கள் உடம்பில் எது எங்கே இருக்கிறதென்றே தெரியாது. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால்தான் எழும்பும். நாற்பது தாண்டி அதையும் படித்தாள் மனுஷி. சமையலறையில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு கம்பெனிக்காகவே மாய்ந்தாள். புருஷன் இல்லாத வீடு. இரண்டு பெண்களின் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது.

பலகைகளைப் பூட்டச் சொன்னார் தய்யிப். சாவி என்பது ஒரு ரகசியக் கோப்பு; அதன் அடையாளத்தைச் சில்லுக்குள் எரித்துப் பதித்துவிட்டால், அந்தச் சாவி கையெழுத்திட்ட இயங்குதளத்தை மட்டுமே அது எழுப்பும். பிறகு மாற்றவே முடியாது. அசல் சாவி தய்யிபின் பெட்டகத்தில் இருந்தது. அவரோ துனிஸ் போயிருந்தார்.

"முதலாளி வர்ற வரைக்கும் கை வைக்காதீங்க தம்பி. கணினியில இருக்கிறது நான் சரிபார்க்க உண்டாக்கின சோதனைச் சாவி," என்றாள், அவருடைய மருமகன் ஸுஹைரிடம்.

"சரி சரி, நீங்க சாப்பிடப் போங்கக்கா!"

அவள் தலை மறைந்ததும் அந்த அவசரக்குடுக்கை எல்லாப் பலகையிலும் சோதனைச் சாவியையே எரித்துவிட்டான். சொல்லவும் இல்லை. சோதனைச் சாவியை அன்றன்றே அழிக்க வேண்டுமென்பது கம்பெனி விதி. சாயங்காலம் அவள் அதைக் கணினியிலிருந்து அழித்துவிட்டாள்.

மறுநாள் தய்யிப் கொண்டுவந்த அசல் சாவிக்கு ஒரு பலகைகூட அசையவில்லை. ஸுஹைர் மொன்ஜியாவின் மேசைக்கு ஓடி வந்தான்.

"என் மானத்தைக் காப்பாத்துங்கக்கா! அந்தச் சோதனைச் சாவி எங்கயாவது இருக்கா?"

ஒரு நகல் இருந்தது, வீட்டுச் சமையலறையில். வேலை செய்வதற்காக எடுத்துப் போயிருந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை, கொண்டுவந்து கொடுத்தாள். பலகைகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

தய்யிப் அவளைக் கூப்பிட்டார். "அழிக்க வேண்டிய சாவியை வீட்டுல வச்சிருக்கியே, எவனுக்கு விக்கப் பார்த்தே?"

"அது இல்லேன்னா எல்லாமே குப்பை முதலாளி! உங்க மருமகனைக் கேளுங்க!"

ஸுஹைர் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கென்ன தெரியும் மாமா? சாவி இவங்க கையிலதானே இருந்துச்சு."

நன்றி கெட்ட ஜென்மம்! அன்றே வேலை போயிற்று. மூத்தவள் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடைக்குப் போகிறாள். அந்தக் கருவிகளுக்கான இயங்குதளத்துக்கு ஸுஹைர் இன்றும் மொன்ஜியாவின் சாவியில்தான் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறான்.