பசை அண்ணன் ஒட்டிய நாலு கம்பி

இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. மிளகைவிடச் சின்னதான கறுப்புச் சில்லில், தலைமுடியைவிட மெல்லிய நாலு கம்பிகளை வெள்ளிப் பசை வைத்து ஒட்டுவது. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் பசை அண்ணன். டாக்டர் பட்டம் வாங்கியவர்களெல்லாம் தாங்களே ஒட்டிப் பார்த்து, நாலும் பிய்ந்து, கடைசியில் அவர் மேசைக்குத்தான் வந்து நிற்பார்கள். கொஞ்சம் கர்வம் உண்டு, இருக்காதா பின்னே?

புதிதாகச் செய்த ஒரு பொருளின் சில்லில் அவர் கம்பி ஒட்டியபோதுதான் மீட்டர் பூஜ்யம் காட்டியது. மின்தடையே இல்லை, அதுவும் குளிரூட்டாமல், சாதாரண அறை வெப்பத்தில்! கூடமே தலைகால் புரியாமல் ஆடியது. கூடத்துக்குத் தலைவியான பேராசிரியை மட்டும் கரும்பலகையே கதி என்று கிடந்தார். எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்தால்தான் தடையில்லாமல் ஓடும். இத்தனை சூட்டில் அந்த ஜோடியைப் பிரியாமல் பிடித்து வைப்பது எது? அணுக்களின் நெருக்கமா, அடுக்குகளின் அழுத்தமா? எழுதுவார், அழிப்பார். பதினோராம் நாள், "இப்படி இருக்கலாம்" என்று ஒன்றை எழுதியே விட்டார். வேறு யாராவது முந்திவிடப் போகிறார்களே என்ற அவசரத்தில் இதை உறுதிசெய்யும் காந்தச் சோதனைகூட அப்புறம்தான் என்றாகிவிட்டது. அன்று நாலு மணிக்கு ஆய்விதழுக்குக் கட்டுரை போகிறது.

மூன்றரைக்கு, கட்டுரையில் சேர்க்கப் படம் எடுக்கலாமென்று பசை அண்ணன் சில்லை நுண்ணோக்கியில் வைத்தார். நடுக்கம்பிகள் இரண்டுக்கும் இடையே பசை வழிந்து ஒட்டிக் கிடந்தது. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மின்னழுத்தத்தைத்தானே மீட்டர் பார்க்கிறது? அதுகள் தொட்டுக்கொண்டால், அடியில் கரிக்கட்டையை வைத்தாலும் பூஜ்யம்தான் வரும். பசை இறுகிவிட்டதென்று அன்றைக்குக் கரைப்பானைக் கூடுதலாக ஊற்றியது சாட்சாத் அவரேதான்.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சொன்னால் வேலை இருக்குமா? ஆனாலும் போனார்.

"மேடம், தப்பு என் மேலதான். நடுக்கம்பி ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்கு. அனுப்பிடாதீங்க."

பேராசிரியை வந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்பாடா!"

"மேடம்?"

"பதினோரு நாளா தூக்கமே இல்லண்ணே. ஏன் நடக்குதுன்னு புரியவே இல்ல. நானா ஒரு காரணத்தைக் கட்டி, நானே அதை நம்ப ஆரம்பிச்சுட்டேன். நாலு மணிக்கு மேல வந்திருந்தீங்கன்னா என் மானம் கப்பலேறியிருக்கும்."

"அப்ப என் வேலை…"

"உங்க வேலை என்ன? ஒட்டுறது. போய் மறுபடி ஒட்டுங்க."

ஒட்டினார். பசை காய ஒரு மணி நேரம் ஆனது. மீட்டர் மூன்று ஓம் காட்டியது.

"தடை இருக்குண்ணே, தடை இருக்கு!" என்று பேராசிரியை கூடம் முழுக்கக் கேட்கும்படி கூவினார். பசை அண்ணனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.