புதுக் கம்பி மாட்டிய மாலை

1. சுதி இறங்கிய இடம்

இரண்டாவது பாட்டின் சோலோவில் என் கிடார் சுதி இறங்கியது. அந்தமானில், போர்ட் பிளேரில் ஒரு ரிசார்ட்டின் புல்வெளி மேடை அது. எதிரே மெயின்லேண்டிலிருந்து வந்த விருந்தினர் கூட்டம். அந்த ரிசார்ட் பேண்டுக்கு அப்போது நான்தான் லீட் கிடாரிஸ்ட்.

ரிசார்ட் மேனேஜர் தூத்துக்குடிக்காரர். ஒரு வாரம் முன்பே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"அண்ணாச்சி, இந்த பார்ட்டில ரிட்டையர் ஆன ஆளும் இருக்கு, காலேஜ் முடிச்ச புள்ளைகளும் இருக்கு. அந்தக் கால ராக்ல ஆரம்பிச்சு இன்னைக்கு உள்ளது வரைக்கும் வாசிங்க. உக்காந்து கேட்டாங்கன்னா கான்ட்ராக்ட் ரினியூ. எந்திரிச்சுப் போனாங்கன்னா அடுத்த மாசம் டிஜேதான். பொறவு என்னையச் சொல்லக் கூடாது."

அவர் சொன்னதைச் செய்கிற ஆள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

2. அரிசி டப்பா

பின்னணியில் பாட்டைத் தாங்கும் ரிதம் கிடார் செல்வம். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து நிக்கோபாரின் கச்சால் தீவில் குடியேறிய குடும்பம். என்னைவிட நாலு வயது இளையவர், பகலில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், கப்பல் துறையில் வேலை. ஐந்து வருடம் என் பக்கத்தில் நின்றும் ஒரு சோலோ வாசித்ததில்லை. அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

ஜெட்டிப் பக்கம் டீ குடிக்கும்போதெல்லாம் எங்களுக்குள் ஒரே சண்டை: எந்தக் காலத்து கிடாரிஸ்ட் பெரிய ஆள்? டிரம்மர் தாஸ், பெங்காலி, பழைய ஆட்கள் பக்கம். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஒரே நோட்டை இழுத்து நிறுத்தி அழ வைத்தவர்கள் என்பார். நான் அவர்களுக்கு அடுத்து வந்த வேகக்காரர்கள் பக்கம். ஒரு செகண்டில் எத்தனை நோட்டு என்பதுதான் எனக்கு அளவுகோல். லேப்டாப்புக்குள்ளேயே ஆம்ப்பை வைத்திருக்கும் இன்றைய ஆட்களை நாங்கள் இருவருமே மதிக்கவில்லை.

செல்வம் மட்டும், "எல்லாரும் நல்லாத்தான் வாசிக்கிறாங்க அண்ணே. நடுவுல எங்க சும்மா இருக்காங்கன்னு பாருங்க" என்பார். அதை நான் ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டதில்லை.

கம்பி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே உப்புக் காற்று கிடார் கம்பியைச் சீக்கிரம் தின்றுவிடும். நல்ல செட் வேண்டுமென்றால் மெயின்லேண்ட் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு, கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் துருப்பிடித்த கம்பியிலேயே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, புது செட்டைப் பெரிய புரோகிராமுக்கென்று பத்திரப்படுத்துவோம். நான் ஈரம் படாமலிருக்க அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தேன்.

புரோகிராம் அன்று மாலை நாலு மணிக்குத்தான் அந்தப் புது செட்டை மாட்டினேன். ஐந்தரைக்கு மேடை. புதுக் கம்பி இழுபட்டுப் படிய ஒரு நாளாவது ஆகும் என்பது தெரியாதவன் இல்லை. பளிச்சென்று கேட்க வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"அண்ணே, இதுல சுதி நிக்காதே" என்றார் செல்வம்.

"உன் துருவ நீ பாரு" என்றேன்.

3. நாலு நோட்டு

முதல் பாட்டு பழைய காலத்தது, நீள நீளமான இழுப்புகள். ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பி கொஞ்சம் தளர்ந்தது. இரண்டாவது என் வேகப் பாட்டு. எவ்வளவு வேகமாக வாசித்தேனோ அவ்வளவு வேகமாக அபசுரம் கொட்டியது. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து பஃபே பக்கம் நடந்தார்கள். மேனேஜர் கைகட்டி நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

செல்வம் அருகில் வந்து, மைக்கில் விழாத குரலில் சொன்னார்: "வால்யூமக் குறைச்சுட்டு டியூன் பண்ணுங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்."

அவர் வேகத்துக்குப் போகவில்லை. பாட்டின் மெட்டிலிருந்து நாலு நோட்டு எடுத்து வாசித்து, நிறுத்தினார். அந்த இடைவெளியில் தாஸின் டிரம்ஸ் எழுந்தது. மறுபடி நாலு நோட்டு, கடைசி நோட்டை மட்டும் வேறு இடத்தில் வைத்தார். துருப்பிடித்த கம்பியில் சுதி அசையவில்லை. எழுந்து போனவர்கள் தட்டோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

நான் டியூன் செய்து முடித்ததும், சோலோவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தலையசைத்தார். நான் வேண்டாம் என்று கைகாட்டி, அவருடைய ரிதத்தை வாசிக்க ஆரம்பித்தேன். வாசிக்கும்போதுதான் தெரிந்தது, அது எவ்வளவு கஷ்டமென்று. ஐந்து வருடமாக நான் இஷ்டத்துக்கு ஓடியும் பாட்டு கவிழாமல் இருந்தது அவர் தாங்கிப் பிடித்ததால்தான்.

கடைசிப் பாட்டு வரை கூட்டம் இருந்தது. கான்ட்ராக்டும் நிலைத்தது.

"ரெண்டாவது பாட்டுல ஆள மாத்துனது நல்ல ஐடியா அண்ணாச்சி. யாரு பிளானு?" என்று கேட்டார் மேனேஜர்.

"இனிமே செல்வம்தான் லீட்" என்றேன். சொல்லும்போது பொறாமை இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

இப்போது நான் மேடை ஏறுவதில்லை. இங்கே புதிதாக பேண்ட் தொடங்குகிறவர்கள் வந்து, எந்தக் காலத்து கிடாரிஸ்ட் பெரியவர் என்று என்னையும் கேட்கிறார்கள். வால்வு ஆம்ப்போ லேப்டாப்போ, பக்கத்தில் வாசிக்கிறவரைக் காது கொடுத்துக் கேட்கிறவர்தான் பெரியவர் என்று சொல்கிறேன். கூடவே இன்னொன்றும் சொல்வேன்: புதுக் கம்பி வந்தால் அன்றைக்கே மாட்டிவிடுங்கள். நான் கம்பியை அரிசி டப்பாவில் போட்டு மூடியது சில மாதம்தான். செல்வத்தை ஐந்து வருடம் மூடி வைத்திருந்தேன்.