சீட்டித் துணி முடிச்சு

என் மரப்பெட்டியின் அடியில் ஒரு முடிச்சு கிடக்கிறது. ஒரு பக்கம் பழுப்பேறிய நூல்புடவைத் துண்டு, மறுபக்கம் மஞ்சள் பூப்போட்ட சீட்டித் துணியின் கிழிசல். இரண்டும் சேர்ந்து ஒரு சாண் நீளம்கூட வராது. கழிக்க வேண்டியதைக் கழித்துப் பெட்டியை ஒழுங்கு பண்ணும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படும். எடுத்துப் பார்ப்பேன், அடியிலேயே திரும்ப வைத்துவிடுவேன்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் கீழப்பாவூர். பிழைக்கப் போன இடம் மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துப் புனலூர், அங்கே ஒரு மரக்கடையில் வேலை. அம்மா அந்த ஊர்க்காரி. கேட்காமல் கட்டிக்கொண்ட கல்யாணம் என்பதால் பாவூர்ச் சொந்தம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா படுக்கையில் விழுந்த பிறகுதான் அப்பாவின் அக்கா, என் அத்தை, மூன்று மாதம் வந்து கூட இருந்து பார்த்தாள். அம்மா போனதும் அப்பா என்னை அத்தையிடம் அனுப்பி வைத்தார். அத்தைக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. எனக்கு அப்போது ஏழு வயது. செங்கோட்டை மலையாளத்துப் பக்கத்திலிருந்து பிரிந்து இந்தப் பக்கத்தோடு சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

பாவூரில் நான் வாயைத் திறந்தால் தெரு சிரித்தது. நான் பேசியது தமிழ்தான், ஆனால் புனலூர் ராகத்தில் இழுத்துப் பேசுவேன். 'எனக்கு' என்று சொல்ல நினைத்தால் 'எனிக்கு' என்று வரும். பிள்ளைகள் "மலையாளத்தா, மலையாளத்தா" என்று பின்னாலேயே வந்தார்கள். அத்தைக்கு அது பெரிய மானக்கேடு. ஒருநாள் முற்றத்தில் நிறுத்திவைத்து, "இங்கரு ஏட்டி, வெளிய எவ என்ன கேட்டாலும் வாயத் தொறக்கப்படாது. தொறந்தியோ, நாக்குல சூடு வச்சிருவேன்" என்றாள். வைக்கமாட்டாள் என்று இப்போது தெரியும். அப்போது நான் நம்பினேன். அடுப்பில் கரண்டி காய்வதைப் பார்த்தாலே நாக்கு உள்ளே ஓடிவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இவளுக்கு நான் ஒரு பாரம், என்றைக்கு வேண்டுமானாலும் எங்காவது விட்டுவிடுவாள் என்ற பயம். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த ஆடியில் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனாள். சாரல் நன்றாக விழுந்த வருஷம். தென்காசியில் பஸ் மாறும்போதே முகத்தில் தூறல் அடித்தது. பெரிய அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் அப்படி ஒரு கூட்டம். தலையில் எண்ணெய் அப்பிக்கொண்டு பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பாறையெல்லாம் எண்ணெய் வழுக்கல். பிள்ளைகளைக் கொண்டுவந்த பெண்கள் சிலர், பிள்ளையின் துணியைத் தங்கள் முந்தானையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். அத்தையும் என் சீட்டிப் பாவாடையின் விளிம்பை இடுப்புவரை இழுத்துத் தன் முந்தானையில் இறுக்கி முடிந்தாள். "எங்கன போனாலும் இது இழுத்துரும்" என்றாள்.

தண்ணீர் தலையில் விழுந்ததும் கண்ணும் காதும் அடைத்துப் போயின. யாரோ வழுக்கி விழுந்தார்கள், பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது. நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் சுற்றிலும் ஈரப் புடவைகள்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அத்தை இல்லை. இடுப்புப் பக்கம் தடவினேன், முடிச்சும் இல்லை. அவிழ்த்துவிட்டாள் என்றே நினைத்தேன். இதற்குத்தான் கூட்டிவந்திருக்கிறாள் என்று நினைத்தபோது என் பல் கிட்டிப் போயிற்று.

எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. மங்குஸ்தான் பழம் விற்றுக்கொண்டிருந்த ஓர் ஆச்சி கையைப் பிடித்து நிறுத்தினாள். "எந்தூரு பிள்ள? யாரு கூட வந்தே?" என்று கேட்டாள். அடுப்பில் காயும் கரண்டி நினைவு வந்தது. ஆனாலும் தாங்க முடியாமல், "எனிக்கு அத்தையெக் காணணும்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. "ஏ ஆத்தா, மலையாளத்துப் பிள்ளல்லா இது" என்று அவள் சொல்ல, நாலு பேர் கூடிவிட்டார்கள். "செங்கோட்டைக்கு அங்கிட்டா உங்க ஊரு?" என்று ஒருவர் கேட்டார். தலையாட்டினேன். அது முழுப் பொய்யும் இல்லையே. அதற்குப் பிறகு என்ன கேட்டும் எனக்குப் பேச்சு வரவில்லை.

போலீஸ் ஏட்டையா வந்தார். அந்தச் சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும் பாவாடையை நனைத்துக்கொண்டேன். நல்லவேளை, ஏற்கெனவே ஈரம். அவர் நல்ல மனிதர்தான். பஸ் நிற்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், புனலூர்ப் பக்கம் போகிற ஒரு குடும்பத்திடம், "செங்கோட்டை ஸ்டேஷன்ல விட்டுருங்க, தேடி வருவாங்க" என்றார். அந்தக் குடும்பத்து அம்மா எனக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள். எல்லோரும் அன்பாகவே இருந்தார்கள். அந்த அன்போடுதான் என்னை எங்கேயோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பஸ் உறுமத் தொடங்கியது. படியில் ஒரு கால் வைத்துவிட்டேன்.

"ஏட்டி!" என்று ஒரு சத்தம். அத்தை ஓடி வந்தாள். தலை அவிழ்ந்து, புடவை ஈரம் சொட்ட, காலில் சேறு. வந்த வேகத்தில் என் தோளைப் பிடித்து இழுத்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நான் அந்த அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். காரியம் கெட்டது அங்கேதான். அந்த நாளில் எங்கேயோ அணை கட்டுகிறார்கள், பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஆண்கள் அத்தையைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவன் அவள் கையை முறுக்கிப் பிடித்தான்.

"எந் தம்பி மவய்யா, விடுங்க" என்றாள் அத்தை.

ஏட்டையா நிதானமாகக் கேட்டார். "இங்கரும்மா, பிள்ள பேசுதது மலையாளம். நீ பேசுதது பாவூர்ப் பேச்சு. பிள்ளையோ ஒன்னயக் கண்டு பயப்படுது. எப்பிடி ஒம் பிள்ளையாவும்?"

அத்தை என்னைப் பார்த்தாள். "பேசுட்டி. அத்தேன்னு ஒரு வார்த்த சொல்லு" என்றாள். நான் பேசவில்லை. பேசக்கூடாது என்று சொன்னதும் அவள்தானே? வாய் பூட்டிக் கிடந்தது. "ஸ்டேஷனுக்குக் கொண்டுபோங்க" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

பிறகு அவள் அந்தச் சேற்றிலேயே குந்தினாள். குரல் மாறிவிட்டது. "மோளே, கரயண்டா. வா, நமுக்கு வீட்டில் போகாம்" என்றாள். அழாதே, வீட்டுக்குப் போவோம் என்று என் அம்மா ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே என்னைச் சமாதானப்படுத்துகிற அதே வார்த்தை, அதே இழுப்பு. மூன்று மாதம் அருகில் இருந்து கேட்டதை இத்தனை நாளாக உள்ளே வைத்திருந்திருக்கிறாள். நான் போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறிவிட்டேன்.

கையை முறுக்கியவன் விட்டுவிட்டான். "அட, இவியளும் அங்கன உள்ள ஆளுதானா. மொதல்லயே சொல்லதுக்கு என்னம்மா?" என்றார் ஏட்டையா. பாவூர்க்காரி என்பதில் அத்தைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாய்யா, புனலூரு" என்றாள்.

தென்காசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் முந்தானையைப் பார்த்தேன். முடிச்சு அப்படியே இறுக்கமாக இருந்தது, நுனியில் என் பாவாடையின் மஞ்சள் பூ. நைந்துபோன சீட்டிதான் கிழிந்திருக்கிறது. அவள் அவிழ்க்கவில்லை. வீடுவரைக்கும் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அவளும் என்னைத் திட்டவில்லை. மறுநாள் அவிழ்க்கப் பார்த்தாள், ஊறி இறுகிப்போயிருந்தது. கத்தரிக்கோலால் முந்தானை நுனியோடு வெட்டி என் கையில் தந்தாள். வாயைத் திறக்காதே என்று அதன் பிறகு அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அத்தை போய் வெகுகாலம் ஆகிறது. என் பேச்சில் இன்னும் அந்த இழுப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும். ரயிலில், ஆஸ்பத்திரி வரிசையில் யாராவது திரும்பி, "அம்மா, நீங்க கேரளாவா?" என்று கேட்கிறார்கள். பிழை ஒன்றும் இல்லாத கேள்விதான். ஆனால் கேட்ட உடனே அருவிச் சத்தம் காதை அடைக்கிறது, சுற்றி நிற்கிற முகமெல்லாம் தெரியாத முகமாகிவிடுகிறது. "ஆமா, புனலூரு" என்கிறேன், அத்தை சொன்ன மாதிரியே. சொல்லும்போது என் கை தன்னால் இடுப்புப் பக்கம் போய் முடிச்சு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது.