அண்ணனும் அந்தப் பின்பக்க பிரேக்கும்

அண்ணன் போய் ஒரு வருடம் முடிகிறது. "நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க அத்தை" என்று அண்ணன் மகன் கேட்டான். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கூடப் பிறந்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

அண்ணன் பிறந்தது சாத்தூர் பக்கத்துக் கிராமம். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார். பிறகு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எடுபிடி வேலை. பல வருடம் பாடுபட்டு, வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் சொந்த அச்சகம் வைத்தார். என்னைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். என் வீட்டுக்காரர் இறந்தபின் என்னையும் மகளையும் விருதுநகரில் வீடு பார்த்துக் குடிவைத்ததும் அவர்தான். இதைச் சொல்லாமல் அவரைத் திட்டினால் நியாயமில்லை.

இப்போது திட்டுகிறேன்.

மகளுக்குத் தலைப்பிரசவம். மதுரை ஆஸ்பத்திரியில் பார்ப்பதாக ஏற்பாடு. தாய்மாமன் காரில்தான் அவள் போகவேண்டும் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். காரோ மூன்று கை மாறி வந்த கிழட்டு வண்டி. அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த கையோடு அதற்குக் கிறுக்குப் பிடித்தது. பிரேக்கை மிதித்தால் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

"கொஞ்சந்தாண்ணே இழுக்குது, பாத்து ஓட்டிக்கிடலாம்" என்றார் மெக்கானிக் பால்ராஜ்.

"கொஞ்சந்தானேன்னு சொன்ன வெடிக் கம்பெனியெல்லாம் இப்ப எங்கலே இருக்கு? பிள்ளத்தாச்சி ஏறப்போற வண்டிலே இது!" என்று அண்ணன் அவர்மேல் பாய்ந்தார்.

நாலுவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த சமயம். ஆள் நடமாட்டமில்லாத புது ரோட்டில் ஓட்டுவார், பிரேக் போடுவார், இறங்கிப் பின்சக்கரங்களைத் தொட்டுப் பார்ப்பார். வலது சக்கரத்தில் கை வைக்க முடியாத சூடு. இடது சில்லென்று இருக்கும். கோளாறு வலப்பக்கம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்து பிரேக் ஷூவை மாற்றினார், சிலிண்டரை மாற்றினார். பால்ராஜ் டயர்மேல் பழியைப் போட, டயரும் மாறியது. இழுப்பு மட்டும் மாறவே இல்லை.

"வாடகைக் கார் பிடிப்போம்ணே" என்று கெஞ்சினேன்.

"எவனோ ஒருத்தன் பிரேக்க நம்பி என் மருமகள அனுப்பச் சொல்றியா?"

தன் காரிலும் ஏற்றமாட்டார், அடுத்தவர் காரிலும் விடமாட்டார். இப்படிப்பட்ட மனிதரை என்னதான் செய்வது?

நாள் நெருங்கிவிட்டது. எங்கள் வாசலிலேயே காரை ஜாக்கியில் ஏற்றிவைத்து, மறுபடியும் வலது சக்கரத்தைக் கழற்றப் போனார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்த மகள் கத்தியேவிட்டாள். "மாமா! சூடாகுறது பிரேக் பிடிக்கப்போய்த்தான சூடாகுது? பிடிக்காம குளுந்து கெடக்குறத மொதல்ல கழட்டிப் பாருங்க!"

அண்ணனும் பால்ராஜும் ஜாக்கியை இடப்பக்கம் மாற்றினார்கள். இடது சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தால், பிரேக் ஷூ எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. இந்தப் பக்கம் வழுக்கிவிட, அந்தப் பக்கம் மட்டும் பிடித்திருக்கிறது. எண்ணெயைத் தொட்டு முகர்ந்த அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது அச்சு மெஷினுக்கு விடுகிற எண்ணெய். பூஜைக்கு முதல்நாள் எல்லா மெஷினுக்கும் எண்ணெய் விட்டவர், ஹேண்ட்பிரேக் கேபிள் கிறீச்சென்கிறதே என்று காருக்கும் தாராளமாக ஊற்றியிருக்கிறார்; அது கேபிள் வழியாக டிரம்முக்குள் இறங்கிவிட்டது. நல்லநாளில் காரை மட்டும் சும்மா விடலாமா என்று நினைத்தாராம்!

"நாந்தாம்லே ஊத்துனேன்" என்றார். அம்புட்டுக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பால்ராஜ் புது ஷூ வாங்கக் கிளம்புவதற்குள் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. கார் சக்கரமில்லாமல் நிற்கிறது! கடைசியில் அந்த வாடகைக் கார்தான் வந்தது. ஏறியதும் அண்ணன் டிரைவரிடம், "தம்பி, ஒருக்கா பிரேக் போட்டுக் காட்டுங்க" என்றார்.

"மாமா, வாய மூடிக்கிட்டு வாங்க!" என்று அலறினாள் மகள். நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள்.

போன வருடம் நெஞ்சுவலி என்று அண்ணனை மதுரையில் சேர்த்தோம். மகள் சென்னையிலிருந்து உடனே புறப்படத் துடித்தாள். போனை வாங்கி அண்ணனே பேசினார். "இருட்டுல வண்டிய விரட்டிக்கிட்டு வராதீக. விடிஞ்சப்பறம் நிதானமா வா தாயி. நான் எங்கயும் போயிர மாட்டேன்."

அவள் வருவதற்குள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் முறை வைத்துக் காத்துக் கிடந்த அச்சகத்துப் பிள்ளைகளுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் கூடவே நின்ற பால்ராஜுக்கும், நல்லது கெட்டதுக்கு வந்து நிற்கும் சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மகளைத்தான் இன்னும் என்னால் தேற்ற முடியவில்லை. "மாமா சொன்னாகன்னுதானம்மா மெதுவா வந்தேன்" என்று அழுகிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல, அண்ணே?