கோடையில் கொங்காணி

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் திரும்பத் தோட்டத்துக்கே கப்பலேறிப் போய்விட்டார்கள். பிறகு சண்டை வலுத்து, கப்பல் எப்போது ஓடும் என்றே தெரியாமல் போனது. மாமியார் என்னை 'இலங்கைக்காரி' என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் கோடையில் பருத்தி எடுக்கப் போன இடத்தில் உச்சிவேளையில் தலைசுற்றி விழுந்தேன். மடியில் இருந்த பருத்தியெல்லாம் மண்ணில் சிந்திவிட்டது. என் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு அத்தை சொன்னார்:

"இன்னொருக்க விழுந்தேன்னா ஒங்க அப்பன் வீட்டுக்கே போயிரு. காட்டு வேலைக்கு ஆகாத பொம்பள எனக்கு எதுக்கு?"

எங்கே போவது? நடுவில் கடல் கிடக்கிறது.

தலையை மூடினால் வெயிலைத் தாங்கலாம். ஆனால் முந்தானையைத் தலையில் போட்டால் அது முக்காடு. தாலியறுத்தவர்களுக்குத்தான் அது என்பது அந்த வீட்டு வழக்கம். அடுத்த தெருக் கிறிஸ்தவப் பெண்கள் முக்காட்டோடு கோயிலுக்குப் போனாலே அத்தை முகத்தைச் சுளிப்பார்.

மறுநாள் காலையில் கொட்டிலில் கிடந்த சாக்கை எடுத்து, ஒரு மூலையை மறு மூலைக்குள் தள்ளி, தலையையும் முதுகையும் மூடும் கொங்காணியாக மடித்தேன். இந்த ஊரில் அதை மழைக்குப் போடுவார்கள். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வெயிலுக்கும் போடுவோம். கிணற்றுத் தண்ணீரில் நனைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு புஞ்சைக்குப் போனேன்.

பருத்தி எடுக்க வந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஏத்தா, மழ வருதோ?"

நான் அத்தையைப் பார்த்தே பேசினேன். "இது சேல இல்ல அத்தே, சாக்கு. இதுக்கும் சாத்திரம் இருக்கா?"

அவர் விடுவிடுவென்று பருத்தி நிரைக்குள் இறங்கிவிட்டார்.

உச்சியில் மற்றவர்கள் உடைமர நிழலுக்கு ஒதுங்கினார்கள். நான் நிரையை விடவில்லை. சாயங்காலம் களத்தில் கொட்டியபோது என் குவியல்தான் பெரிது. எனக்கு ஆடவேண்டும் போலிருந்தது. அத்தை குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். "எனக்கும் ஒண்ணு மடி."

அன்றைக்குப் புஞ்சையோரம் வண்டியோட்டிப் போனவர் எங்கள் இருவரையும் பார்த்து, "சித்திர வெயில்ல கொங்காணியா?" என்று சிரித்தார்.

அத்தை குனிந்த தலை நிமிராமல் பருத்தி எடுத்தபடியே சொன்னார்:

"எங்க வீட்டு மருமக போடச் சொல்லியிருக்கா. நீங்க வண்டிய ஓட்டுங்க."