ஒருமுறை மட்டும் திறக்கும் இணைப்பு

அலுவலகத்தில் அவனுக்குச் சக்கரம் என்று பெயர். சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்கார மாட்டான். கம்ப்யூட்டர் நிரல் எழுதுவதே நின்றுகொண்டுதான். பள்ளிக்கூடத்தில் இதற்காக அடி வாங்கியவன். பிற்பாடு மனைவியாக வந்தவளை முதன்முதலில் சந்தித்தபோதும் எழுந்து எழுந்து உலாத்தினான். "ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல இப்படித்தான் நடப்பாங்க. எனக்குப் பழக்கம்தான்" என்றாள். அவள் நர்ஸ்.

நர்ஸுகளின் பதவி உயர்வுத் தேர்வுக்குப் பதிவு செய்யும் இணையதளம் அவன் பொறுப்பில் இருந்தது. யார் யாரோ இல்லாத மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்து இடங்களை அடைத்தார்கள். முகவரியைச் சரிபார்க்கும் ஏற்பாட்டைச் சேர்க்கச் சொன்னார் மேலாளர். பதிபவரின் முகவரிக்கு ஓர் இணைப்பு போகும். அதைத் திறந்தால் கடவுச்சொல் அமைக்கும் பக்கம் வரும். ஒருமுறை திறந்ததும் இணைப்பு செத்துவிடும். மளமளவென்று எழுதி, தன் சொந்த முகவரியில் சோதித்தான். வேலை செய்தது. அடுத்த வேலைக்குத் தாவிவிட்டான்.

பதிவின் கடைசி நாள் மதியம் மனைவி போன் செய்தாள்.

"இணைப்பு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டதுன்னு வருது."

"ரெண்டு தடவை அழுத்தியிருப்பே."

"நான் என்ன காலிங் பெல்லா அடிக்கிறேன்? வார்டுல எல்லாருக்கும் இதே கதைதான். சாயங்காலம் கதவைச் சாத்திடுவீங்க. இதை விட்டா அடுத்த தேர்வு எந்தக் காலத்திலயோ!"

எந்த இணைப்பு எப்போது திறந்தது என்று தளம் குறித்து வைத்திருந்ததைத் தோண்டினான். வார்டுக்காரர்களுக்கு அனுப்பிய மறுநொடியே ஒவ்வொரு இணைப்பும் திறக்கப்பட்டிருந்தது. எந்த மனிதக் கைக்கும் அந்த வேகம் வராது. எல்லாமே ஆஸ்பத்திரி கொடுத்த முகவரிகள். ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தபோதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியின் அஞ்சலுக்கு ஒரு காவல் மென்பொருள் இருக்கிறது. வரும் இணைப்பில் விஷமம் ஏதும் உண்டா என்று அது முதலில் தானே திறந்து பார்க்கும். காவல்காரன் பூட்டைத் திறந்து பார்த்துவிட்டு, செல்லாத சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறான். அவன் சோதித்த முகவரிக்கு அப்படிப்பட்ட காவல் கிடையாது.

"கொஞ்சம் உட்காருடா சக்கரம், எனக்குத் தலை சுத்துது" என்றார் மேலாளர்.

"உட்கார்ந்தா மூளை நின்னுடும் சார்."

வழி சிறியதுதான். திறந்தால் இணைப்பு சாகக்கூடாது. அது காட்டும் பக்கத்தின் கீழே ஒரு பட்டன் வைத்து, அதை அழுத்தினால்தான் சாக வேண்டும். காவல் மென்பொருள் பக்கத்தைப் பார்க்கும், பட்டனைத் தொடாது. இம்முறை ஆஸ்பத்திரி முகவரி ஒன்றுக்கு அனுப்பிப் பார்த்த பிறகே எல்லோருக்கும் புது இணைப்பு அனுப்பினான். திரையில் வார்டுக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். மனைவியைக் காணோம். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. போன் போட்டான்.

"என்ன பண்றே நீ?"

"இங்க இருக்கிறது ஒரே கம்ப்யூட்டர். எல்லாரையும் முன்னாடி விட்டேன். இப்பதான் எனக்கு நாற்காலி கிடைச்சிருக்கு."

"நீலப் பட்டன் தெரியுதா? கீழே இருக்கும். பதறாம…"

"யாரு பதறுறா? நீங்க போனை வைங்க, நான் அழுத்துறேன்."

வைத்தான். அவள் பெயருக்கு எதிரே 'பதிவு முடிந்தது' என்று விழுந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான். தேர்வில் அவளை என்ன கேட்பார்களோ என்ற யோசனை வந்ததும் எழுந்துவிட்டான்.